வாய்க்காலிலேயே பிடியுங்கள்: குளத்துக்குள் பிளாஸ்டிக் போகாமல் இருக்க நாங்கள் செய்கிற வேலை

தாமிரபரணிப் பாசனத்தில் எங்களுடையது வால்குளம். மேலே இருக்கிற குளங்கள் ஒவ்வொன்றாகப் பெருகி, மறுகால் என்கிற உபரிநீர் வழியில் விழுந்து, மிச்சம் மீதி இருந்தால்தான் எங்களுக்குத் தண்ணீர். தண்ணீர் மிச்சமாக வந்தாலும் குப்பை முழுசாக வந்துவிடும். என் அப்பா அந்தக் குளத்து நீர்பாய்ச்சி. மடை திறக்க முங்கி முங்கியே ஒரு காது கேட்காமல் போனவர். நான் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது.

ஒரு தை மாதம். பிசானப் பருவ நெல் பொதி கட்டுகிற நேரம். குளத்தில் தண்ணீர் கிடக்கிறது, மடை ஓடவில்லை. ஷட்டரை முழுக்கத் தூக்கியும் விரல் பருமனுக்குத்தான் கசிகிறது. சித்தப்பா இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு முங்கினார். மூன்றாவது முங்கலில் எதையோ இழுத்துக்கொண்டு மேலே வந்து கரையில் போட்டார். பாலியஸ்டர் சேலை, ஊதாப் பூப் போட்டது. அதன் சுருட்டுக்குள் பால் கவர், ஷாம்பு பாக்கெட், பாதி சிமெண்ட் சாக்கு, நரம்பு வலைத் (நைலான் மீன்வலை) துண்டு ஒன்று. வலைக்குள் உள்ளங்கை அகல ஆமைக்குஞ்சு, செத்து நாளாகியிருந்தது. "ஏட்டி, இது யாரு வீட்டுச் சேலைன்னு கேளு" என்றார் சித்தப்பா. அதற்குள் மடை பீறிட்டு ஓட ஆரம்பித்துவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, எல்லா ஊரிலும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். குளத்தைச் சுத்தம் பண்ணினோம். பள்ளிப் பிள்ளைகள், தொப்பி, போட்டோ, ஒரு பெரிய பிளெக்ஸ் பேனர். (அந்தப் பேனரே பிவிசி. அன்று சாயங்காலம் அதையும் சேர்த்துத்தான் அள்ளினோம்.) அடுத்த ஐப்பசியில் குளம் பழையபடி ஆனது. குளத்துக்குள் அள்ளுவது, குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு தரையைத் துடைக்கிற கதை. வரத்துக்கால், அதாவது தண்ணீர் கொண்டுவருகிற வாய்க்கால், குளத்தில் சேருகிற இடத்துக்கு முன்னாலேயே பிடிக்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று எழுதச் சொல்லி வேறு குளத்துக்காரர்கள் சிலர் கேட்டார்கள். நாங்கள் செய்த தப்பையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் நடங்கள்

பைப் வாங்கக் கடைக்கு ஓடாதீர்கள். குளத்து வாயிலிருந்து மேலே வாய்க்காலோடு நடங்கள். சித்திரை, வைகாசியில் தண்ணீர் அடைத்திருக்கும்போது போனால் வாய்க்காலின் வயிறு முழுக்கத் தெரியும். நானும், குளத்தில் மீன் குத்தகை எடுத்திருக்கிற அண்ணாச்சியும் நாலு கிலோமீட்டர் நடந்தோம். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு.

ஒரு பாலத்தடியில் கோழிக்கடைக் கழிவு, கறுப்புக் கவரில் கட்டியபடி. அடுத்த பாலத்தில் மதுக்கடை டம்ளரும் தண்ணீர் பாக்கெட்டும். படித்துறையில் துணி சோப்பு உறை, ஷாம்பு பாக்கெட், பல் விளக்கும் பேஸ்ட் டியூப். அதைத் தாண்டி ஒரு கல்யாண மண்டபம். பின்சுவருக்கு வெளியே சாம்பார் ஒட்டிய பிளாஸ்டிக் இலை கட்டுக் கட்டாகக் கிடந்தது. இப்படிப் பார்த்தால் குப்பை "மேலேயிருந்து" வருவதில்லை, ஐந்தாறு இடத்திலிருந்து வருகிறது என்பது பிடிபடும். அந்த ஐந்தாறு இடத்தை நோட்டில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உதவும்.

துணியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மேலே தாமிரபரணிக் கரைப் பாபநாசத்தில் குளித்துவிட்டு, உடுத்திய துணியை ஆற்றோடு விட்டுவிட்டுப் போகிற பரிகாரம் உண்டு. நூல் வேட்டி, நூல் சேலை காலத்தில் அது சில மாதத்தில் மக்கிச் சேறானது. இப்போது விடுகிற துணி பெரும்பாலும் பாலியஸ்டர். அதாவது தண்ணீர் பாட்டில் செய்கிற அதே சரக்கை நூலாக இழுத்தது. ஆற்றில் கிடந்து உரசி உரசி இழை இழையாகப் பிரியுமே தவிர மக்காது. பரிகாரத்தை நான் குறை சொல்லவில்லை, என் பெரியம்மாவே செய்திருக்கிறாள். துணியைப் பற்றி மட்டும்தான் பேசுகிறேன்.

எது மிதக்கும், எது மூழ்கும்

இது தெரியாமல் தடுப்புப் போட்டால் பாதிதான் சிக்கும். பால் கவர், கேரி பேக், பாட்டில் மூடி எல்லாம் தண்ணீரைவிட லேசு, மிதக்கும். தெர்மாகோல் கேட்கவே வேண்டாம். தண்ணீரின் அடர்த்தி 1 என்றால், தண்ணீர் பாட்டில் செய்கிற பெட் (PET) பிளாஸ்டிக்கின் அடர்த்தி 1.38; மூடி போட்டிருந்தால் உள்ளே காற்றோடு மிதந்து வரும், மூடி இல்லாவிட்டால் தண்ணீர் குடித்து அடியோடு உருளும். நைலான் வலையின் அடர்த்தி 1.14, அதுவும் அடியில்தான். பாலியஸ்டர் துணி நடுத்தண்ணீரில் பேய் மாதிரி அலைந்துகொண்டே வரும். மிதக்கிற சாமானும் சும்மா மிதந்துகொண்டே இருக்காது. பத்து நாளில் பாசி படியும், மண் ஒட்டும், எடை கூடி மெல்ல அமுங்கிவிடும். குளத்தின் மேற்பரப்பு சுத்தமாகத் தெரிகிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆகவே இரண்டு ஏற்பாடு வேண்டும். மிதப்பதற்கு ஒரு மிதவைத் தடுப்பு. துணிக்கும் சாக்குக்கும் ஒரு கம்புவரிசை.

எப்போது கட்டுவது

புரட்டாசி கடைசிக்குள். முதல் வெள்ளத்தில்தான் பெரும்பாடு. ஒரு வருஷமாக வாய்க்காலில் தங்கிக் கிடந்த அத்தனையையும் முதல் இரண்டு மூன்று நாள் தண்ணீர் துடைத்துக்கொண்டு வந்துவிடும். இங்கிலாந்தில் மான்செஸ்டர் பக்கத்து ஆறுகளில் 2015-16 குளிர்கால வெள்ளத்துக்கு முன்னும் பின்னும் படுகை மண்ணை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். படுகையில் தங்கியிருந்த நுண்பிளாஸ்டிக்கில் சுமார் 70 சதவீதத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தது. 2018-இல் வெளியான ஆய்வு அது. அங்கே ஆறு கடலுக்குப் போகிறது. நம் வாய்க்கால் போய் முட்டுவது குளத்தில். அடித்துவந்தது மறுகால் வழியே கொஞ்சம் போகலாம், மிச்சம் தங்கிவிடும்.

முதல் தண்ணீர் விடுகிற நாளை நீர்வளத்துறை லஸ்கரிடம் (கால்வாய் திறந்து மூடுகிற ஊழியர்) கேட்டு வையுங்கள். அவருக்குத் தெரியாமல் எந்தக் கால்வாயும் திறப்பதில்லை.

மிதவைத் தடுப்பு

முதல் வருஷம் நாங்கள் செய்த கூத்தைச் சொல்லிவிடுகிறேன். பழைய மீன்வலையை மூங்கிலில் கட்டி, வாய்க்காலுக்குக் குறுக்கே நேராக, தரைவரை இறங்க நிறுத்தினோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள் ராத்திரி நல்ல மழை. மேலேயிருந்து ஆகாயத்தாமரை மெத்தை மெத்தையாக வந்து வலையில் அடைந்தது. வலை அணையானது. தண்ணீர் ஏறி, பலவீனமான கரை உடைந்து, ஒருத்தருடைய நாற்றங்கால் மூழ்கிப்போனது. காலையில் வலையைத் தூக்கினால் இரண்டு தண்ணிப்பாம்பு, விரல் நீளக் கெண்டைக்குஞ்சு ஒரு படி, எல்லாம் செத்து. பிளாஸ்டிக் ஆமையைக் கொல்கிறது என்று புறப்பட்டவர்கள் நாங்கள். நாற்றுக்காரருக்குக் காசு கொடுத்தோம், ஏச்சும் வாங்கினோம்.

இப்போது செய்வது இது. எங்கள் வாய்க்கால் பன்னிரண்டடி அகலம். நாலு அங்குல பிவிசி பைப் இருபதடி ஒன்று வாங்கி, நடுவில் அறுத்து, நாலு முனையிலும் மூடி வைத்துச் சொல்யூஷன் ஒட்டி, ஒருநாள் காயவிடுகிறோம். மூடிய பத்தடி பைப் ஒன்று இருபது கிலோவுக்கு மேல் தாங்கி மிதக்கும். பைப்பில் ஓட்டை போடாதீர்கள். கிளாம்ப் மாட்டி, அதிலிருந்து ஓர் அடி ஆழத்துக்கு அரை அங்குலக் கண் உள்ள கோழிவலைக் கம்பியைத் தொங்கவிடுங்கள். பாவாடை மாதிரி. வாய்க்காலில் மூன்றடித் தண்ணீர் ஓடினால் பாவாடை ஓர் அடிதான். கீழே இரண்டடி திறந்திருக்கும், மீன் போகும், பாம்பு போகும், தண்ணீரும் தடையில்லாமல் போகும். பச்சை நிழல்வலையைப் போடச் சொல்லி ஒருவர் யோசனை சொன்னார். அது வெயிலில் இற்று நூல்நூலாக உதிரும். பிளாஸ்டிக்கைப் பிடிக்கப் போய் நாமே உதிர்த்துவிட்ட கதையாகும்.

இரண்டு பைப்பையும் ஒரு சாண் சங்கிலியால் இணைத்து, வாய்க்காலுக்குக் குறுக்கே சாய்வாகப் போடுங்கள். நேராகப் போட்டால் பன்னிரண்டடி போதும். சாய்வாகப் போடத்தான் இருபதடி. இந்தச் சாய்வில்தான் சூட்சுமம். நேர்த்தடுப்பில் குப்பை நடுவில் குவிந்து, அழுத்தம் கூடி, அடியில் நுழைந்து போய்விடும். சாய்வில் தண்ணீரே குப்பையைத் தள்ளிக்கொண்டு போய் ஒரு கரையோரம் ஒதுக்கிவிடும். மேல்முனை எதிர்க்கரையில், கீழ்முனை நீங்கள் நின்று அள்ளுகிற கரையில். அந்த இடத்தில் கரை சரிவில்லாமல், காலை ஊன்றி நிற்கத் தோதாக இருக்கவேண்டும்.

இரண்டு கரையிலும் இரும்புக் குழாய் ஒவ்வொன்று நட்டு, அதில் வளையம் மாட்டி, வளையத்தில் பைப்பைக் கட்டுங்கள். தண்ணீர் ஏறினால் வளையமும் ஏறும், வடிந்தால் இறங்கும். கீழ்முனைக் கட்டு மட்டும் தேங்காய்நார்க் கயிறாக இருக்கட்டும். வெள்ளம் கையை மீறினால் அரிவாளால் ஒரே வெட்டு. தடுப்பு எதிர்க்கரையோடு போய் ஒட்டிக்கொள்ளும், வாய்க்கால் திறந்துவிடும். நாற்றங்கால் மூழ்கிய வருஷம் இந்தப் புத்தி எங்களுக்கு வரவில்லை. மொத்தச் செலவு ஐயாயிரத்துக்குள் முடிந்தது.

கம்புவரிசை இதைவிடச் சுலபம். மடைக்கு நாலடி முன்னால், சவுக்குக் கம்புகளை ஒரு சாண் இடைவெளி விட்டு, தண்ணீர் வருகிற பக்கம் சாய்த்து நடுங்கள். சேலையும் சாக்கும் அதில் சிக்கும். மீன் தாராளமாகப் போய்வரும். தினமும் ஒருமுறை தொரட்டியால் இழுத்துவிட்டால் சித்தப்பா வயசுக்காரர்கள் யாரும் முங்க வேண்டியதில்லை. மடைக்கண்ணுக்குள் முங்குவது உயிரோடு விளையாடுகிற வேலை.

எதைக் கட்டுமுன்னும் நீர்வளத்துறைப் பொறியாளரிடமும் ஊராட்சித் தலைவரிடமும் எழுதிக் கொடுத்து, பதிவு எண் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம் இருந்தால் அதன் பெயரில் கொடுப்பது நல்லது. 2000-ஆம் வருஷச் சட்டத்தின்படி அமைந்த சங்கம் அது. கரை உடைந்தால் முதலில் கேட்கிற கேள்வி, யாரைக் கேட்டுக் கட்டினாய் என்பதுதான்.

அள்ளுவது

முதல் மூன்று நாள் ராத்திரியும் ஆள் வேண்டும், இரண்டு பேராக. நீளக் கம்பில் கம்பிக்கூடை கட்டியது ஒன்று, தொரட்டி ஒன்று, டார்ச் ஒன்று. பிள்ளைகளைத் தண்ணீர் ஓரம் விடாதீர்கள். எண்ணுகிற வேலைக்கு வீட்டில் வைத்துக்கொள்ளலாம். கையில் கனமான ரப்பர் உறை, காலில் முழங்கால் பூட்ஸ். காலில் புண் இருப்பவர் அன்று இறங்கக் கூடாது. எலிக்காய்ச்சல் கிருமி புண் வழியாக எளிதில் ஏறும். டெட்டனஸ் ஊசி போட்டு வருஷக்கணக்காகிவிட்டதென்றால் முதலில் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். ஊசி சிரிஞ்ச் கிடைத்தால் கையால் எடுக்காமல் இடுக்கியால் எடுத்து, மூடியுள்ள தகர டின்னில் போடுங்கள். எங்களுக்கு முதல் வாரமே ஏழு கிடைத்தது.

அள்ளியதை உடனே சாக்கில் திணிக்காதீர்கள். இதை நான் பட்டுத்தான் கற்றேன். கரையோரம் பரப்பி, கால்மணி நேரம் விட்டு, தண்ணீர்ப் பக்கமாக உதறுங்கள். ஒரு பால் கவரை உதறினால் அதற்குள்ளிருந்து நத்தை நாலு, தட்டானின் இளம்பூச்சி ஒன்று, இறால்குஞ்சு இரண்டு விழும். பாட்டிலுக்குள் புகுந்த மீன்குஞ்சு வளர்ந்து, வெளியேற முடியாமல் கிடப்பதும் உண்டு. நத்தைகுத்தி நாரை எங்கள் குளத்துக்கு வருவதே நத்தைக்காகத்தான். நத்தையைச் சாக்கில் கட்டி அனுப்பிவிட்டு நாரையை எங்கே தேடுவது?

கப், டம்ளர், தேங்காய்ச் சிரட்டை எதையும் கரையில் நிமிர்ந்து கிடக்க விடாதீர்கள். ஒரு கப்பில் தேங்குகிற ஒரு வாய்த் தண்ணீர் போதும், டெங்குக் கொசு முட்டையிட. குளத்துக்குள் முட்டையிட்டால் புழுவை மீன் தின்றுவிடும், கப்புக்குள் மீன் ஏது.

கொளுத்தவே கொளுத்தாதீர்கள். ஈரக் குப்பை புகையத்தான் செய்யும். அதில் பிவிசி கலந்திருந்தால் டையாக்சின் என்கிற நச்சு வரும். சாம்பல் மறுபடியும் மழையோடு குளத்துக்குத்தான் வரும்.

பிரிப்பது

நாங்கள் சாஸ்தா கோயில் முன்னால் தார்ப்பாய் விரித்துப் பிரிக்கிறோம். பாட்டில், மூடி, உடைந்த வாளி, பைப் துண்டு எல்லாம் பழைய இரும்புக்கடைக்காரர் எடுத்துக்கொள்வார். அந்தக் காசு டார்ச் செல்லுக்கும் டீக்கும் சரியாகிவிடும். கழுவிய பால் கவருக்கும் விலை உண்டு. சேறு படிந்ததற்கு இல்லை. கேரி பேக் சுத்தமாகக் காய்ந்திருந்தால் ஊராட்சித் தூய்மைக் காவலர் வாங்கிக்கொள்வார். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் கண்டுபிடித்த முறையில் அது சாலைக்குப் போகலாம்: துருவிய பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லியில் தூவிப் பூசி, அதன்மேல் தார் கலப்பது. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பிவிசியை மட்டும் அதில் சேர்க்கக் கூடாது.

ஷாம்பு பாக்கெட், சிப்ஸ் உறை, குட்கா உறைதான் தலைவலி. பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிக்கொண்டு அடுக்கடுக்காக இருப்பதால் பிரித்து உருக்க வழியில்லை. எந்த இரும்புக்கடையும் தொடாது. ஊராட்சி வழியாக சிமெண்ட் ஆலைச் சூளைக்கு எரிபொருளாக அனுப்பலாம், அதற்கும் காய்ந்திருக்க வேண்டும். நாப்கின், டயாபர் தனிச் சாக்கில். துணியைப் பிழிந்து காயப்போட்டுத் தனியாகக் கட்டுங்கள். நனைந்த ஒரு சேலை எவ்வளவு கனம் என்பது தூக்கினால்தான் தெரியும்.

பிரிக்கும்போதே எண்ணுங்கள். எடையில் எழுதினால் சேறும் சேர்ந்துவிடும். ஒரு சாக்கை முழுசாக எண்ணினால் போதும், எல்லாச் சாக்கையும் எண்ண வேண்டாம். இரண்டு பத்தியாக எழுதுங்கள்: ஏற்கெனவே தடை செய்யப்பட்டது, தடை செய்யப்படாதது. கேரி பேக், தண்ணீர் பாக்கெட், பிளாஸ்டிக் டம்ளர், பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப், உறிஞ்சுகுழல் எல்லாம் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடை. ஷாம்பு பாக்கெட் அந்தப் பட்டியலில் இல்லை. எங்கள் முதல் சாக்கில் தடை செய்த சாமான் பாதிக்கு மேல் இருந்தது. அதைப் பார்த்த அண்ணாச்சி, "தடை போட்டது நமக்குத் தெரிஞ்சிருக்கு, தண்ணிக்குத் தெரியல டீச்சர்" என்றார்.

கோடையில் குளத்துக்குள்

தடுப்பு இருந்தாலும் பழசு உள்ளே கிடக்கும். அதை வைகாசியில், குளம் வற்றியபின் எடுங்கள். ஜேசிபி வேண்டாம். ஒருமுறை விட்டுப் பார்த்தோம். மேலே கிடந்த கவரை அரையடிக்குக் கீழே புதைத்து, துண்டு துண்டாக்கி, கோரையையும் நாணலையும் வழித்துக்கொண்டு போய்விட்டது. கையால் எடுப்பதுதான் வேலை. மண்ணில் பாதி புதைந்த கவரை வெடுக்கென இழுத்தால் கிழிந்து பாதி உள்ளே தங்கும். களைவெட்டியால் ஓரமண்ணைத் தளர்த்திவிட்டு எடுங்கள்.

கருவேல மரத்தில் கூடு இருந்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள், குஞ்சுகள் பறந்தபின் பார்த்துக்கொள்ளலாம். கரையில் ஆமை முட்டை கண்ணில் பட்டால் மண்ணை மூடிவிட்டு நகருங்கள்.

எல்லாவற்றையும்விட நரம்பு வலையைத் தேடுங்கள். அறுந்த வலையை மீன்காரர் விட்டுவிட்டுப் போவார். வலைக்கு அது தெரியாது, பிடித்துக்கொண்டே இருக்கும். ஒரு விரால் சிக்கும், அது துடிப்பதைப் பார்த்து நீர்க்காகம் முங்கும், அதுவும் சிக்கும். ஒரு மாசியில் நாங்கள் எடுத்த ஆறடித் துண்டில் பாம்புத்தாரா ஒன்று கழுத்தில் முடிச்சு விழுந்து கிடந்தது. நம் குத்தகை அண்ணாச்சி அதற்கப்புறம்தான் எங்களோடு முழுசாகச் சேர்ந்தார். இப்போது கிழிந்த வலையைக் கிலோ கணக்கில் திரும்ப வாங்கிக்கொள்கிறார், மற்ற மீன்காரர்களிடமும். எடுத்த வலையை விரல் நீளத் துண்டாக நறுக்கித்தான் சாக்கில் போட வேண்டும். முழுசாகப் போட்டால் குப்பைக்கிடங்கில் வேறு ஒரு காக்கையைப் பிடிக்கும்.

பங்குனி உத்திரத்துக்குக் கரைச் சாஸ்தா கோயிலில் கூட்டம் கூடும். அன்றைக்கு மட்டும் கரையில் இருபதடிக்கு ஒரு சாக்கு கட்டிவையுங்கள், வாயை விரித்து. எழுதி ஒட்டுவதைவிட அது வேலை செய்கிறது.

சேற்றைப் பார்க்கிற சோதனை

இது என் பள்ளிக்கூடத்து ஆசை. உங்களுக்கு வேண்டாமென்றால் தாண்டிப் போகலாம். ஆனால் ஊர்க்காரர்களை நம்பவைத்தது இதுதான்.

5 மில்லிமீட்டருக்கும் சின்னதை நுண்பிளாஸ்டிக் என்கிறார்கள். குளத்து வாய், நடுக்குளம், மடையோரம் என்று மூன்று இடத்தில், மேல்மண் இரண்டு விரல் கனத்துக்கு, எவர்சில்வர் கரண்டியால் எடுத்து எவர்சில்வர் டப்பாவில் போடுங்கள். தட்டு மூடி நிழலில் காயவையுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 360 கிராம் உப்பு கரையும், அதற்குமேல் கரையாது. அந்த உப்புத் தண்ணீரை முதலில் வடிதாளில் வடிகட்டுங்கள், ஏனென்றால் கடலுப்பிலேயே நுண்பிளாஸ்டிக் இருக்கிறது. 100 கிராம் காய்ந்த மண்ணை அதில் போட்டுக் கலக்கி, மூடி, ஒரு ராத்திரி விடுங்கள். மண் அடியில் தங்கும், லேசானது மேலே வரும். மேல்தண்ணீரை மட்டும் மெல்லச் சாய்த்து, வேறு வடிதாளில் வடித்து, பூதக்கண்ணாடியில் பாருங்கள். பள்ளிக்கூட நுண்நோக்கி கிடைத்தால் இன்னும் நல்லது. சந்தேகமான துணுக்கைச் சூடான ஊசியால் தொடுங்கள். பிளாஸ்டிக் என்றால் சுருண்டு உருகும், வேர் நார் என்றால் கருகும்.

கூடவே, மண்ணே போடாத ஒரு கிண்ணத்திலும் இதே வேலையைச் செய்து பாருங்கள். எனக்கு அந்த வெறும் கிண்ணத்திலேயே நாலு இழை கிடைத்தது, நீல நிறம். அன்றைக்கு நான் உடுத்தியிருந்த சேலை நிறம். அந்த நாலைக் கழித்துக்கொண்டுதான் மற்றதை எண்ணினேன். மூன்று இடத்து மண்ணிலும் துணுக்கு இருந்தது, மடையோரத்தில் அதிகம். உப்புத் தண்ணீரின் அடர்த்தி 1.2 என்பதால் பாலியஸ்டரும் பெட் பிளாஸ்டிக்கும் மேலே வராது. ஆகவே கிடைத்த கணக்கு குறைந்தபட்சக் கணக்குதான்.

ஊர்க் குளத்துக்கு யார் வந்து ஆய்வு செய்யப் போகிறார்கள்? பெரிய ஏரிகளில் செய்திருக்கிறார்கள். கேரளத்து வேம்பநாட்டு ஏரியின் வண்டலில் ஒரு சதுர மீட்டருக்குச் சராசரியாக 252 துணுக்குக்கு மேல் இருந்ததாக 2017-இல் வந்த ஆய்வு சொல்கிறது. கேரி பேக் வகைப் பிளாஸ்டிக்தான் அதிகம். சென்னைக்குக் குடிதண்ணீர் கொடுக்கிற புழல் ஏரியில் லிட்டருக்குச் சராசரி 5.9 துணுக்கு என்று 2020-இல் வந்தது. அவர்கள் முறை வேறு, நம் கிண்ணச் சோதனை வேறு. எண்ணை எண்ணோடு ஒப்பிடக் கூடாது. போன வருஷத்து நம் சேற்றையும் இந்த வருஷத்து நம் சேற்றையும் ஒப்பிடலாம்.

இதனால் என்ன என்று வகுப்பில் பெஞ்சிலிருந்து ஒரு பையன் கேட்டான். சேற்றைத் தின்கிற சிவப்புப் புழுவுக்குள் இந்த இழை போகும். அந்தப் புழுவைத் தின்கிற கெளுத்திக்குள், அயிரைக்குள் போகும். வயிறு நிறைந்தது போலிருக்கும், சத்து இருக்காது. படித்துறையில் துவைக்கிற துணியிலிருந்தும் இழை வரும். இங்கிலாந்தில் 2016-இல் எண்ணிப் பார்த்தார்கள்: மெஷினில் 6 கிலோ அக்ரிலிக் துணியை ஒருமுறை துவைத்தால் ஏழு லட்சம் இழைக்கு மேல் உதிருமாம். அன்றிலிருந்து அந்தப் பையன் என் சேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான்.

கணக்கை எங்கே கொடுப்பது

கிராமசபையில். வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது. எங்களுக்குத் தோதானது நவம்பர் 1, உள்ளாட்சி தினம். முதல் தண்ணீர்க் கணக்கு அதற்குள் கையில் இருக்கும். "ஆற்றைக் காப்போம்" என்று பேசினால் கைதட்டிவிட்டுப் போவார்கள். அதற்குப் பதிலாக ஒரு சாக்கை மேசைமேல் கொட்டி, "இன்ன பாலத்தடியில் இத்தனை டம்ளர், இன்ன மண்டபத்துக்குப் பின்னால் இத்தனை இலை" என்று வாசித்தேன். பெயர் சொல்லவில்லை, இடம் சொன்னேன். தடை செய்த பொருளுக்கு அபராதம் போடும் அதிகாரம் உள்ளாட்சிக்கு இருக்கிறது. தடை செய்யாத உறைகளைத் திரும்ப எடுக்கும் பொறுப்பு தயாரித்தவருடையது என்று 2022-இல் மத்திய அரசு விதியை இறுக்கியிருக்கிறது. தீர்மானத்தில் இரண்டையும் எழுதச் சொன்னோம்.

எல்லாம் உடனே மாறிவிடவில்லை. மண்டபத்துப் பின்சுவரில் கம்பிவேலி வந்தது. படித்துறைப் பக்கத்து டீக்கடையில் கண்ணாடி கிளாஸ் திரும்பி வந்தது. கோழிக்கழிவு மட்டும் அடுத்த பாலத்துக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். வாய்க்காலில் எங்களுக்கு மேலே இருக்கிற ஊரின் கிராமசபைக்கும் இந்த வருஷம் சாக்கோடு போவதாக இருக்கிறோம். வால்குளத்துக்காரர் மேலே இருக்கிற ஊருக்குப் போய்ப் பேசுவதென்றால் தண்ணீர்ச் சண்டையாக மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்கு அண்ணாச்சிதான் சரி.

மாசி கடைசியில் வரத்து நின்றதும் தடுப்பைக் கழற்றிவிடுங்கள். வாய்க்காலிலேயே வெயிலில் விட்டால் பிவிசி வெளுத்து, பொடிந்து, அடுத்த வருஷம் அதுவே குப்பையாக வரும். கோழிவலையைக் கழுவி, துருப்பிடித்த இடத்தை வெட்டிவிட்டு, பைப்போடு சேர்த்துச் சாஸ்தா கோயில் பின்னறையில் வைக்கிறோம். நார்க்கயிற்றை மட்டும் சித்தப்பா வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார். கோயிலில் வைத்தால் எலி கடிக்குமாம்.